ஓரம் வெட்டப்பட்ட அந்தாதி

ஓலைச்சுவடிக்குப் பட்டியல் போடுகிற வேலைக்கு ஆள் எடுக்கும்போது தமிழ் தெரிந்திருக்க வேண்டும், பழைய எழுத்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள். நெஞ்சு கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் அந்த வேலையில் இருந்தேன். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் மூன்று அறைகள்தான் எங்கள் அலுவலகம். சுற்றுவட்டார ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சுவடி தேடுவது, தானமாகவோ இரவலாகவோ வாங்கி வருவது, எண்ணெய் தடவித் துடைப்பது, நூலின் பெயர், ஏட்டின் நீளம், தொடக்கச் சொல், முடிவுச் சொல் என்று விவரம் எழுதுவது. இதுவரைக்கும் பழைய வேலை. புதிது என்னவென்றால், எங்கள் பேராசிரியர் வெளிநாட்டில் ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்த விவரங்களை எல்லாம் ஓட்டைகளாகக் குத்தித் துளை அட்டையில் ஏற்றிக் கொடுத்தால், எந்த ஊர்ச் சுவடி எந்த ஊர்ச் சுவடிக்குச் சொந்தம் என்று அது நொடியில் சொல்லிவிடுமாம். கம்ப்யூட்டர் எங்களிடம் கிடையாது. ஒரு மில்லில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அது சும்மா இருக்கிற நேரத்தில் எங்களுக்குக் கொடுத்தார்கள்.

பழைய ஓலை, பழைய காகிதம், பழைய கல் என்று எதையாவது கட்டிக்கொண்டு அழுத அன்பர்களே, நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். மற்றவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

சீயக்காய்

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் வைத்தியச் சுவடி இருப்பதாகத் தகவல் வந்தது. முன்கூட்டியே ஒரு கார்டு எழுதிப் போட்டுவிட்டுத்தான் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. போனால் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில், கட்டில் மேல் வேட்டி, வேட்டி மேல் ஓலைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் பொரித்த அப்பளம்போல் சுருண்டு நிற்கிறது. ஓர் எழுத்தைக்கூடக் காணோம்.

வீட்டுக்காரர் பெருமையோடு விளக்கினார். ஒரே கறுப்பாக அழுக்குப் பிடித்துக் கிடந்ததாம். இரண்டு மருமகள்களும் சேர்ந்து ஊற வைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினார்களாம். சுவடியில் எழுத்தாணியால் கீறிவிட்டு, கீறல் தெரிவதற்காகக் கரி தடவுவார்கள். அவர்கள் தேய்த்துக் கழுவிய அழுக்கு அந்தக் கரிதான். கீறல் ஓலையிலேயே இருந்தது என்பதால் திரும்பவும் கரி தடவி ஒரு மாதிரியாகப் படித்துவிட்டோம். ஆனால் அது எனக்கு உறைக்கும்வரை நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று கத்தியேவிட்டேன். அவருக்கு என் கோபம் சுத்தமாகப் புரியவில்லை.

"ஆபீசரு வாராகன்னு கார்டு வந்துச்சு. அழுக்கா எடுத்துக் குடுத்தா எங்க வீட்டைப் பத்தி என்ன நினைப்பீக?" என்றார்.

வாங்கிய வருஷம்

வெளியூரில்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர் ஒருவர் இருந்தார். மேசை, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர்ப்பானை எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதி வைத்திருப்பார். சுவடிகளையும் சரக்கு இருப்பில் சேர்க்க வேண்டும் என்று என்னிடம் விவரம் கேட்டார். 'வாங்கிய வருஷம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பாட்டுக்கு ஓலையின் வயதைக் கேட்கிறார் என்று நினைத்து, 'சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே ஏலத்துக்குப் போகிற சாமான்களைக் குவித்திருந்தார்கள். கால் உடைந்த பெஞ்சு, துருப்பிடித்த பீரோ, ஓடாத கடிகாரம். அவற்றுக்கு நடுவே, பெஞ்சின் மேல், நான் ஊர் ஊராக அலைந்து சேர்த்த அத்தனை சுவடிக் கட்டும்! தூக்கிவாரிப் போட்டது. பழைய இரும்பு எடுக்கிறவர் தராசைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். இரண்டு கையாலும் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டோர் கீப்பரிடம் பாய்ந்தேன். அவர் அசையவில்லை.

"பத்து வருஷம் ஆன நாற்காலியையே கழிச்சுக் கட்டுறோம், சார். முந்நூறு வருஷம் ஆனதை இன்னும் ஸ்டாக்கில வச்சிருந்தா ஆடிட்காரன் என்னைச் சும்மா விடுவானா?" என்றார்.

பெட்டிக்குள் இருந்தது

இனி நான் சொல்லப்போவதுதான் என் ஆயுளில் பாதியைக் குறைத்த சங்கதி. எழுமலையைத் தாண்டி ஒரு கிராமம். அங்கே பேச்சியம்மாள் என்று ஓர் அம்மாள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, மகன் பட்டாளத்தில். காட்டையும் மாட்டையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பங்காளிகளுக்குப் பொதுவான குலதெய்வத்தின் பெட்டி ஒன்று உண்டு. சாமியின் நகை, மணி, துணிமணியெல்லாம் அதற்குள் இருக்கும். மாசி சிவராத்திரிக்கு அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். பெட்டியின் சாவி பரம்பரையாகப் பேச்சியம்மாளின் கணவர் வீட்டில் இருந்தது. அவர் போனபின் ஒரு பொம்பளையிடம் சாவி எதற்கு என்று பங்காளிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சுவடி. பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. அம்மன்மேல் பாடிய அந்தாதி, வேறெங்கும் நான் கேள்விப்படாதது. ஏட்டுக்கு இரண்டு பாட்டு, பக்கத்துக்கு ஒன்றாக அழகான கையெழுத்து. ஆனால் ஏடுகள் காய்ந்து, எடுக்க எடுக்க விளிம்பு உதிர்ந்தது. மேலும் கீழும் வைத்துக் கட்டுகிற மரச்சட்டங்கள் பிளந்திருந்தன. "எண்ணெய் போட்டு, புதுச்சட்டம் வைத்து, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன், அக்கா" என்றேன். கொடுக்கவும் அவருக்குப் பயம், வைத்திருக்கவும் பயம். ஏடு உதிர்ந்தால் அந்தப் பழியும் அவர் தலையில்தான் விழும். பங்காளிகளுக்குத் தெரியாமல் முந்தானையில் மூடி எடுத்து வந்து கொடுத்தார். "சிவராத்திரிக்குப் பொட்டி தொறக்குறப்ப இது உள்ள இருக்கணும், தம்பி. இல்லைன்னா சாவி எங்க வீட்டை விட்டுப் போயிரும். எம் மகன் திரும்பி வாரப்ப நான் என்னத்தைச் சொல்லுவேன்?" என்றார். சத்தியம் செய்துகொடுத்தேன்.

நம்பிக்கை வரட்டும் என்று பையிலிருந்த துளை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, இனிமேல் ஏட்டின் விவரமெல்லாம் இதில் நிரந்தரமாக இருக்கும் என்று பெருமையடித்தேன். அவர் அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஓட்டைகள் வழியே என்னைப் பார்த்தார்.

"கயிறு கோக்க ரெண்டு ஓட்டை போட்டதுக்கே எங்க ஏடு இந்தப் பாடு படுது. இம்புட்டு ஓட்டை போட்டது எத்தனை நாளைக்குத் தம்பி தாங்கும்?" என்றார்.

புத்தகம் மாதிரி

எண்ணெய் தடவி முடித்துவிட்டேன். சட்டம் செய்ய ஒரு தச்சரிடம் சொல்லியிருந்தேன். அந்த நேரம் பார்த்து வேறொரு சுவடிக்காக நான் வெளியூர் போக வேண்டி வந்தது. பேராசிரியருக்குப் பொறுமை கிடையாது. அலுவலகத்துக்குப் புத்தகம் கட்டித் தருகிற பைண்டர் சுப்பையாவைக் கூப்பிட்டு, "இதற்கு மேலும் கீழும் பலகை வைத்து ஒழுங்காகக் கட்டித் தாருங்கள்" என்று சுவடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். சுப்பையா நல்ல மனிதர், தொழில் சுத்தம். பைண்டிங்குக்கு வந்த எதையும் ஓரம் வெட்டாமல் அவர் வெளியே விட்டதில்லை.

திரும்பி வந்து பார்க்கிறேன். மேசைமேல் செங்கல்போல் ஒரு கட்டு. இரண்டு பக்கமும் கத்தி வைத்தாற்போல் ஒரே நேர். நெட்டை ஏடு, குட்டை ஏடு என்று பிரித்து, தட்டி அடுக்கி, கட்டிங் மிஷினில் வைத்து இரண்டு ஓரத்தையும் வெட்டியிருக்கிறார். பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏட்டின் எண்ணை இடது ஓரத்தில்தான் எழுதுவார்கள். அந்த எண் ஒன்றுகூட மிச்சமில்லை. எந்த ஏட்டுக்கு அப்புறம் எந்த ஏடு என்று சொல்ல ஒரு நாதியும் இல்லை. வெட்டிய துண்டுகளாவது இருக்கிறதா என்று அவர் கடைக்கு ஓடினேன். பசை காய்ச்சுகிற அடுப்பில் அவை எப்போதோ எரிந்துவிட்டன. பேச்சியம்மாள் வெயிலில் நின்றுகொண்டு அட்டை வழியாகப் பார்த்த பார்வைதான் என் கண்முன் நின்றது. அந்த அடுப்பின் முன்னாலேயே குந்திவிட்டேன்.

சுப்பையா எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னார்: "உங்க ஐயா குடுக்கறப்ப பஞ்சு மிட்டாய் மாதிரி பிசிறு பிசிறா இருந்துச்சுங்க. இப்பத்தான் பாக்கறதுக்கு ஒரு புத்தகம் மாதிரி இருக்கு."

அபிப்பிராயமும் ஆராய்ச்சியும்

ஆண்டவன் புண்ணியத்தில் அது அந்தாதி. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதே சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். ஓர் ஏட்டின் முடிவுச் சொல்லைப் பார்த்து, அந்தச் சொல்லில் தொடங்குகிற ஏட்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் வரிசை வந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு தரையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். ஐந்தாறு ஏடு சேர்ந்திருக்கும், பேராசிரியர் வந்துவிட்டார்.

நான் செய்வதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்தது என்று சொல்கிறேனே, அதுதான் எனக்கு வந்த ஆபத்து. "இதுதான் நாம் காத்திருந்த சந்தர்ப்பம்! இதைக் கம்ப்யூட்டர் செய்யட்டும்" என்றார். கையாலேயே முடித்துவிடலாம், சிவராத்திரி வேறு நெருங்குகிறது என்று கெஞ்சினேன். ஊகூம். ஏடுகளை இனி நான் கையால் அடுக்கவே கூடாது, ஒவ்வோர் ஏட்டின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மட்டும் அட்டையில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. பாட்டு முழுவதையும் படியெடுத்துவிடுகிறேனே என்றேன். அதெல்லாம் அப்புறம் என்றார். போட்டோ எடுக்கலாம் என்றால் ஃபிலிம் சுருள், கேட்டு எழுதியும் இன்னும் வந்தபாடில்லை. "நம் கண் முன்னாலேயே விடை இருக்கிறதே, சார்" என்று கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"நீ கையால் அடுக்கினால் அது உன் அபிப்பிராயம். கம்ப்யூட்டர் அடுக்கினால்தான் அப்பா அது ஆராய்ச்சி" என்றார்.

நிற்காத மிஷின்

மில்லில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் சாந்தாராம். தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் தறி ஓடுகிற சத்தத்திலேயே கணக்குப் படித்து முன்னுக்கு வந்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர், என்னை 'அண்ணே' என்பார். அந்தாதியை அவருக்கு விளக்கினேன். கப்பென்று பிடித்துக்கொண்டார். ஓர் அட்டையை எடு, அதன் முடிவுச் சொல் எந்த அட்டையின் தொடக்கச் சொல்லோ அதை அடுத்து அச்சடி, அதன் முடிவுச் சொல்லைத் தேடு, இப்படியே போய், ஜோடி கிடைக்காத ஏடு வந்தால் அதுதான் கடைசி, அங்கே நிறுத்து. இதுதான் அவர் கம்ப்யூட்டருக்குச் சொன்னது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் எல்லாச் சொல்லையும் ஆங்கில எழுத்தில் ஏற்றியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை அட்டைக் கட்டை உள்ளே விட்டார். அச்சு இயந்திரம் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. "முடியறதுக்குள்ள சாப்பிட்டு வந்துருவோம்ணே" என்றார். போனோம். நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்து கதவைத் தள்ளினால் கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினோம். அறை முழுக்கக் காகிதம்! மடிப்பு மடிப்பாக, முழங்கால் உயரத்துக்கு, மேசைக்கடியில், நாற்காலிமேல் எங்கு பார்த்தாலும் காகிதம். இயந்திரம் இன்னும் கடகடத்துக்கொண்டிருக்கிறது. சாந்தாராம் பேயறைந்தவர்போல் நின்றுவிட்டு, பாய்ந்துபோய் நிறுத்தினார். மில்லுக்கு அந்த மாதம் முழுவதற்கும் வைத்திருந்த காகிதம் போயே போய்விட்டது. நான் ஒரு மடிப்பை எடுத்துப் பார்த்தேன். எங்கள் அந்தாதி. அழகாக, வரிசையாக, ஓர் ஏடும் பிசகாமல். அது முடிந்ததும் மறுபடி அதே அந்தாதி. மறுபடியும் அதே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தாதியின் கடைசிப் பாட்டு, முதல் பாட்டின் முதல் சொல்லில் போய் முடியும். பூத்தொடுக்கிறவர்கள் இரண்டு நுனியையும் முடிச்சுப் போட்டு மாலையாக்குவதுபோல அதை வட்டமாக முடிப்பதுதான் வழக்கம். தமிழ் படித்தவன் எவனும் இதை இன்னொருவருக்குச் சொல்லவேண்டும் என்றுகூட நினைக்கமாட்டான். நானும் நினைக்கவில்லை. ஜோடி கிடைக்காத ஏடு என்று ஒன்று அதில் கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் சாந்தாராம் காகிதக் குவியலின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எல்லாத்துக்கும் ஒரு கடைசி இருக்கும்னு நம்பித்தானேண்ணே நான் இந்தப் படிப்பையே படிச்சேன்!" என்றார்.

மூலையில் ஓர் இடம்

வரிசை கிடைத்தாயிற்று, கட்டிக் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்தேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. வட்டத்துக்கு ஆரம்பம் எது? வழக்கமாகக் காப்புச் செய்யுள் ஒன்று தனியாக முன்னால் நிற்கும். இதில் அது இல்லை, எப்போதோ உதிர்ந்து போயிருக்க வேண்டும். முதல் ஏடு எது என்று தெரியாமல் சுவடியை வெளியே விடமுடியாது, மேற்கொண்டு ஆராய வேண்டும் என்று பேராசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மில்லோ, காகிதம் போன ஆத்திரத்தில் எங்களை உள்ளேயே விடவில்லை. எதை வைத்து ஆராய்வது? சிவராத்திரிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பேச்சியம்மாளே நேரில் வந்து நின்றார்.

பீரோவைத் திறந்து சுவடியைக் காட்டச் சொன்னார். எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒரு முனையைத் தடவினார், மறு முனையைத் தடவினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் என்னால் தாங்கமுடியவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேராசிரியர் விடாமல் விளக்கினார். வரிசை கண்டுபிடித்தாயிற்று, தொடக்கம்தான் தெரியவில்லை, தொடக்கம் தெரியாத நூலைக் கொடுப்பது அறிவுக்கே துரோகம் என்றார். "தலையையும் காலையும் வெட்டிப்புட்டு இப்ப மூஞ்சியக் காணோம்னு தேடுறீகளாக்கும்?" என்று கேட்டார் பேச்சியம்மாள். "எதையாவது ஒண்ணை மேல வச்சுக் கட்டிக் குடுங்க, போதும்." எனக்கு அதிர்ச்சி. எதையாவதா? முதல் ஏடு தப்பாக இருந்தால் ஊரே கண்டுபிடித்துவிடாதா? பேராசிரியரோ கையெழுத்து, அனுமதி, விதி என்று என்னென்னவோ சொன்னார். பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவடி பீரோவுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஏடு வராம நான் ஊருக்குப் போகப் போறதில்லை. நானும் இங்கனயே ஒரு மூலையில கெடக்கேன். அந்த மேசைக்குப் போட்டாப்ல எனக்கும் வெள்ளைப் பெயிண்டுல ஒரு நம்பரைப் போட்டுக்கங்க" என்றார்.

மூட்டு

பேராசிரியர் கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஏடுகளை வரிசைப்படி அடுக்கி, மேலே எதையோ ஒன்றை வைத்துக் கட்டி, பேச்சியம்மாளிடம் கொடுத்தனுப்பினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. சிவராத்திரியன்று பேருந்து ஏறிவிட்டேன். சாந்தாராமும் கூட வந்தார். "எங்க தப்பு நடக்குதுன்னு நானும் பாக்கணும்ணே" என்றார். பெட்டி தூக்குவதற்கு முன், மத்தியானத்துக்கு மேல், அந்தாதி படிக்க மரத்தடியில் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பேச்சியம்மாள் பெட்டியைத் திறந்து சுவடியை எடுத்துக் கொடுத்தார். மூத்த பங்காளி ஒச்சப்பன் அதைக் கையில் வாங்கினார். வாங்கியதும் புருவம் நெரிந்தது. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "என்னத்தா, ஏடு குட்டையாத் தெரியுது?" என்றார். கூட்டம் அவர் கையைச் சுற்றி எட்டிப் பார்த்தது. பேச்சியம்மாள் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "உதிர்ந்த ஓரத்தைச் செதுக்கி எண்ணெய் போட்டிருக்கு. நானுந்தான் குட்டையாயிட்டேன், மாமா. வயசான எல்லாந்தான் குட்டையாகும். நேரமாகுது, படிங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். ஒச்சப்பனும் சிரித்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. ஒச்சப்பன் முதல் ஏட்டைப் பார்க்கவே இல்லை. ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு சுவடியின் நடுவே எங்கோ ஓரிடத்தில் கயிற்றைச் செருகினார். அங்கே பிரித்து, அந்த ஏட்டில் கயிற்றை முடிந்துவிட்டு, அதிலிருந்து படிக்கத் தொடங்கினார். பக்கத்தில் நின்றவரிடம், "மொதல்ல இருந்து படிக்கமாட்டீங்களா?" என்று கேட்டேன். "கயிறு விழுந்த எடத்துலதானங்க இந்த வருசம் சாமி நிக்கிது. அதுல இருந்து சுத்தி வரணும்" என்றார். நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட தொடக்கம் அவர்களுக்குத் தேவையே இல்லை. தேவையெல்லாம் வரிசை மட்டும்தான். ஒவ்வோர் ஏட்டின் கடைசிச் சொல்லையும் ஒச்சப்பன் இழுத்து நிறுத்த, கூட்டம் முழுக்க அதே சொல்லைத் திருப்பிச் சொல்லும். அடுத்த ஏடு அந்தச் சொல்லில் தொடங்கியாக வேண்டும். சொல்லும் சொல்லும் சேர்கிற மூட்டு ஓரிடத்தில் விலகினாலும் பேச்சியம்மாளின் சாவி அன்றைக்கே கைமாறிவிடும். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மூட்டு சேர்ந்தது. அடுத்தது சேர்ந்தது. அடி ஏடு வந்ததும் சுவடியைத் திருப்பி மேல் ஏட்டுக்குப் போனார். அதுவும் சேர்ந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் ஒச்சப்பனின் விரல் சிவப்புக் கயிற்றில் வந்து தட்டியது. படிப்பு நின்றது. குலவை எழுந்தது. சாந்தாராம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு கயிறுண்ணே! அதைத்தான் நான் போடாம விட்டுட்டேன்!" என்றார்.

பேச்சியம்மாள் சுவடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்புக்கே போயிற்று. அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். எனக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. பாட்டு முழுவதையும் பாடக் கேட்டும், மூட்டு சேருமா சேராதா என்ற பயத்தில், ஏட்டின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் தவிர நான் ஒன்றையும் காதில் வாங்கவே இல்லை. எங்கள் அட்டைகளிலும் அவை மட்டும்தான் இருந்தன. படியெடுக்கவும் இல்லை, படம் பிடிக்கவும் இல்லை. ஓடிப்போய், "அக்கா, ஒரே ஒரு வாரம், படியெடுத்துக்கொண்டு உடனே..." என்று ஆரம்பித்தேன். கூட்டம் பெட்டியைத் தூக்கிவிட்டது. அவர் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தார்.

"ஒங்க மேல எனக்குக் கோபம் இல்லை, தம்பி. ஆனா இனி ஏடு பொட்டியை விட்டு வெளிய வராது. ஒங்க மிஷினுக்கு வேணும்னா, மிஷினை இங்கன தூக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.

ஒரு நூலின் தலையையும் வாலையும் மட்டும் தெரிந்துகொண்டு, நடுவில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமலே, பட்டியலில் அதற்கு நேரே 'முழுமையானது' என்று துளை போட்டு வைக்கிற துணிச்சல் எங்கள் தொழிலைத் தவிர வேறு எந்தத் தொழிலுக்கும் வராது.